குழாய்க்குப் போன தண்ணீர்

காலை ஆறு நாற்பதுக்கு என் வீட்டில் முதல் கோப்பி இறங்கும். இயந்திரம் சூடாக நாற்பது நிமிடம் வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே மின் ஆளியைப் போட்டுவிடுவேன். கோப்பை சிறியது. மூன்று மிடறில் முடிந்துவிடும். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். கோப்பி குடிப்பவர்கள் கொட்டையைப் பற்றிப் பேசுவார்கள், வறுத்த நாளைப் பற்றிப் பேசுவார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

விசாரணை அதிகாரி ஐயா, எழுத்தில் தரும்படி சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. என் வீட்டு வாசல் குழாயில் ஜனவரியில் எடுத்த போத்தலுக்கும் மார்ச்சில் எடுத்த போத்தலுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் வந்தது? ஸியாத்தின் பிள்ளை எப்படி இறந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. அதை வைத்தியர்கள் சொல்வார்கள் என்று விட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும்.

என் பெயர் அன்ஸார். வயது ஐம்பத்திரண்டு. குறிஞ்சிப்பிட்டியில் பிறந்தவன். தோஹாவில் பத்தொன்பது வருடம் ஹோட்டல்களின் கோப்பி இயந்திரங்களைத் திருத்தினேன். அந்த வேலையில் முதல் வாரம் கற்றுக்கொண்டது, இயந்திரத்தைக் கெடுப்பது தண்ணீர் என்பது. சுண்ணாம்பு கொதிகலனுக்குள் ஓடு கட்டும். உப்பு செம்பை அரிக்கும். ஆகவே கோப்பி இயந்திரம் திருத்துகிறவன் பாதி நேரம் தண்ணீர் திருத்துகிறவன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. அது என் தொழிலுக்கு மரியாதையாக இருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தேன். வரும்போது ஒரு பழைய இத்தாலிய இயந்திரத்தைக் கப்பலில் போட்டேன். குசினியில் அதற்கென்று கல் மேடை கட்டினேன். முதல் நாள் என் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோப்பி இறக்கினேன். குடிக்க முடியவில்லை. இந்தக் கரையின் நிலம் சுண்ணாம்புக் கல்லும் மணலும். தண்ணீர் கடினமானது, லேசான உவர்ப்பு வேறு. கோப்பியின் மணம் எழும்பவே இல்லை. கசப்பு மட்டும் நாக்கில் நின்றது. என் மனைவி ஸும்ரா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தாள்.

“இந்தக் கசாயத்துக்கா பத்தொம்பது வருஷம் வெளியில இருந்தீங்க?” என்றாள்.

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டிகள் என்னிடம் இருந்தன. ஒரு பட்டியில் ஆறு சதுரம். தண்ணீரில் தோய்த்து எடுத்தால் ஒவ்வொரு சதுரமும் ஒரு நிறம் காட்டும். பெட்டியோடு வரும் அட்டையில் நிறத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடினம், உப்பு, இப்படி. கடைசிச் சதுரம் நைத்திரேற்று. அது அட்டையின் கடைசிச் சிவப்புக்கு ஒன்று முன்னால் நின்றது. எனக்கு ஆச்சரியமில்லை. என் வாப்பா காலத்திலிருந்து எங்கள் காணியில் வெங்காயம் போடுகிறோம். ஒவ்வொரு போகத்துக்கும் பசளை மூட்டை மூட்டையாக இறங்குகிறது. மணலில் போட்டது மணலில் நிற்காது, கிணற்றுக்குப் போகும். அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. நைத்திரேற்று இந்த அளவில் இருந்தால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கக் கூடாது. அதை வாசித்தேன். நைத்திரேற்றுக்கு ருசி இல்லை, நிறம் இல்லை, கோப்பிக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. எங்கள் வீட்டில் குழந்தை இல்லை. நான் கடினத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

போன வருடம் ஜூன் மாதம் குசினிக்குப் பின்னால் சுவரில் வடிகட்டும் தொகுதியைப் பொருத்தினேன். விளக்கம் சுருக்கமானது. கிணற்றுத் தண்ணீர் முதலில் மண்ணைப் பிடிக்கும் வடிகட்டிக்கும், பிறகு மணத்தை எடுக்கும் கரி வடிகட்டிக்கும் போகும். அதன் பிறகு ஒரு மோட்டர் அதை மெல்லிய சவ்வுக்கு எதிராக அழுத்தும். சவ்வைத் தாண்டி வருவது சுத்தமான தண்ணீர். தாண்டாதது வேறொரு பைப்பால் வெளியே வரும். கரைந்திருந்தது எல்லாம் அந்த இரண்டாவது பைப்பில்தான் இருக்கும். முழுச் சுத்தமான தண்ணீரும் கோப்பிக்கு ஆகாது, வெறுமையாக இருக்கும். அதனால் கடைசியில் கொஞ்சம் தாதுப்பொருளை அளந்து திருப்பிச் சேர்த்தேன். சரியான அளவு பிடிக்க இருபத்திரண்டு நாள் எடுத்தது. இருபத்து மூன்றாம் நாள் இறக்கிய கோப்பியை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் தோடம்பழத்தோலின் வாசம் இருந்தது. என் வீட்டில், என் கையால். ஸும்ரா இன்னொன்று கேட்டாள்.

மிச்சத் தண்ணீர்தான் பிரச்சினை. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீரையே எடுத்ததால் அது நிறைய வந்தது. வீட்டுத் தொகுதிகளில் ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு மூன்று வாளி வெளியே போகும். நான் அதை விரும்பவில்லை. மிச்சத்தைத் திரும்பத் திரும்பச் சவ்வுக்குள் அனுப்பி, விரயத்தை ஒரு வாளிக்கு ஒரு வாளி என்ற அளவுக்குக் குறைத்தேன். அப்படிச் செய்தால் மிச்சம் இன்னும் செறிவாகும். அதன் நைத்திரேற்றை ஒருமுறை பட்டியில் பார்த்தேன். சதுரம் அட்டையில் இல்லாத சிவப்பாக மாறியது.

முதலில் அதைக் கறிவேப்பிலை மரத்தடிக்கு விட்டேன். இலை ஓரம் கருகியது. பிறகு வளவு மூலையில் கிடங்கு வெட்டி விட்டேன். கிடங்கு நிரம்பிச் சுவரோரம் தேங்கியது. ஸும்ராவுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரை இப்படி வீணாக்குவது பாவம் என்றாள். அந்த வாரம் ஜும்ஆப் பிரசங்கத்திலும் பள்ளி ஹஸ்ரத் விரயத்தைப் பற்றியே பேசினார். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்கிறவன்கூடத் தேவைக்கு மேல் ஒரு கை தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார். என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. வீடு வரும் வழியில் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனையாகவே பட்டது.

எங்கள் வாசல் மதிலில் ஒரு குழாய் இருக்கிறது. வெளிப்பக்கம் பார்த்தபடி, ஊருக்கென்று. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சனம் படகிலும் நடையிலும் வந்தபோது என் வாப்பா சாஹுல் ஹமீது எதிர்ப்பக்கக் காணியை அவர்களுக்குக் கொடுத்தார். எங்கள் கிணற்றையும் திறந்துவிட்டார். அப்போது எனக்குப் பதினேழு வயது. குளிக்கப் போனால் எனக்கு முன்னால் முப்பது பேர் நிற்பார்கள். வாப்பா மௌத்தான பிறகு அவர் பெயரில் ஸதகாவாக அந்தக் குழாயை வைத்தேன். அதில் யார் ஒரு மிடறு குடித்தாலும் நன்மை கப்றில் இருப்பவருக்குப் போகும். குழாய்க்கு மேலே கல்லில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. என்னை இன்னும் ஊரில் “ஹமீது ஹாஜியார்ட மகன்” என்றுதான் சொல்வார்கள். வாப்பா கொடுத்த காணியை முப்பத்தைந்து வருடமாகியும் “அகதிக் காணி” என்பார்கள். நாங்கள் எல்லோரும் வாப்பா வைத்த பெயர்களோடுதான் இருக்கிறோம்.

அந்தக் குழாய்க்கென்று மதிலுக்கு உள்ளே தனியாக ஒரு தாங்கி உண்டு. அதுவரை கிணற்றிலிருந்து நேரே நிரப்பிக்கொண்டிருந்தேன். ஓகஸ்டில் கிணற்றுப் பைப்பைக் கழற்றிவிட்டு மிச்சத் தண்ணீரின் பைப்பை அந்தத் தாங்கிக்குக் கொடுத்தேன். விரயம் நின்றது. சுவரோரம் காய்ந்தது.

நிலத்துக்குள் பைப் போகக் கான் வெட்டியது ஸியாத். எங்கள் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிறவன், எதிர்ப்பக்கக் காணியில்தான் வீடு. அங்கேயே பிறந்தவன். அவன் மனைவி றிஷ்னா அப்போது ஆறு மாதம். அண்ணனை அழைப்பது போல என்னை நானா என்பான். வெட்டி முடித்துவிட்டு மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

“இந்தப் பைப் மெஷின்ல இருந்தா வருது, நானா?”

“ஓம்,” என்றேன்.

“அப்ப இனி எங்கட தேத்தண்ணியும் தோஹாத் தண்ணியிலதான்,” என்று சிரித்தான். “றிஷ்னாட்டச் சொல்லணும். ஹாஜியார்ட மகன் வெளிநாட்டுல இருந்து எங்களுக்கும் சாமான் கொண்டு வந்திருக்கார் எண்டு.”

நானும் சிரித்தேன். திருத்தியிருக்கலாம். ஆனால் என்ன சொல்லித் திருத்துவது? நல்லதை நான் வைத்துக்கொண்டு மிச்சத்தை என் வாப்பாவின் பெயரில் உங்களுக்குத் தருகிறேன் என்றா? அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

தண்ணீர் ஊருக்குப் பிடித்தது. அது உண்மை. இரண்டு வடிகட்டிகளைத் தாண்டி வந்ததால் கண்ணாடி போலத் தெளிவு, ஒரு மணமும் இல்லை. கொஞ்சம் உவர்ப்புக் கூடுதல், ஆனால் இந்தக் கரையில் அதை யாரும் குறையாக எடுப்பதில்லை. இரண்டு மாதத்தில் அடுத்த ஒழுங்கையில் இருந்தும் கேன் கொண்டு வந்தார்கள். விலைக்கு வாங்கும் வடிகட்டிய தண்ணீரைப் பலர் நிறுத்திவிட்டார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் வரிசை நிற்கும். குசினி ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும். அந்த நேரத்தில்தான் நான் இரண்டாவது கோப்பி குடிப்பேன்.

பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீரால் உடனே ஒன்றும் ஆகாது. அதையும் பதிவு செய்யுங்கள்.

நவம்பரில் றிஷ்னாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அஸ்கா என்று பெயர் வைத்தார்கள். பிறந்து மூன்றாம் வாரம் றிஷ்னாவுக்கு டெங்கு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டது, மாப்பால் கரைத்துக் கொடுக்கும் நிலை. ஒரு பின்னேரம் வரிசை கலைந்த பிறகு கேனை வைத்துக்கொண்டு நின்றாள். நான் மதிலுக்கு உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன்.

“நானா,” என்றாள். “இது புள்ளைக்குப் பால் கரைக்க நல்லமா? எங்கட கிணத்துத் தண்ணி சரியில்லண்டு மிட்வைஃப் மிஸ் சொன்னா.”

ஸும்ரா வாசற்படியில் நின்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அட்டையின் பின்பக்கத்து வரி எனக்கு நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

“மெஷினில வாற தண்ணிதானே, புள்ள,” என்றேன். “பயப்படாமக் குடுங்க.”

அவள் எனக்காக துஆச் செய்தாள். என் வாப்பாவுக்காகவும்.

ஜனவரி முதல் வாரம் மிட்வைஃப் வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் உதடு சாம்பல் நிறமாக இருப்பதைக் கண்டார். நகமும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்து, நீல நிறத்தில் ஒரு மருந்தை ஊசியால் ஏற்றினார்களாம். ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை சிவந்துவிட்டது. ஸியாத் வந்து என்னிடம் சொன்னான். இரத்தம் கோப்பி நிறத்தில் இருந்ததாம். அவன் அப்படித்தான் சொன்னான். கோப்பி என்று அவன் சொன்னது இங்கே தூள் போட்டுக் கொதிக்க வைக்கும் கோப்பியை. மருந்தின் பெயரையும் கேட்டேன். தாதி சொன்னதை அவன் பாதிதான் பிடித்து வைத்திருந்தான். மீதியை அன்றிரவு நானே தேடிக் கண்டுபிடித்தேன். மெதிலீன் புளூ.

தண்ணீரால் வந்திருக்கலாம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். ஆகவே பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இனாஸ் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. ஐஸ் பெட்டியோடு வெயிலில் வீடு வீடாகப் போய்க் கடைசியாக என் வாசலுக்கு வந்தார். ஸியாத்தின் கிணற்றில் ஒரு போத்தல் எடுத்திருந்தார். குழாயில் ஒன்று எடுக்க வேண்டும் என்றார். நான் உள்ளே கூப்பிட்டேன். இயந்திரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“இத இங்க கண்டதே இல்ல, நானா. கடலோரத்து ஹோட்டல்கள்லகூட இப்படி இல்ல.”

ஒன்று இறக்கிக் கொடுத்தேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போத்தலைக் கையில் எடுத்தார். முதலில் குழாய்க்குப் போய் வருகிறேன் என்றார். இந்தக் கோப்பி ஒரு நிமிடத்துக்குள் குடிக்க வேண்டியது, ஆறினால் செத்துவிடும் என்றேன். அதில் பொய் இல்லை. போத்தலை என்னிடம் தரச் சொன்னேன். தந்தார். உள்பக்கத்தைக் கை படாமல் மூன்று முறை அதே தண்ணீரால் அலசிவிட்டு நிரப்பும்படி சொன்னார். நான் குசினியின் பின்பக்கம் போனேன். மூன்று முறை அலசினேன். கோப்பித் தண்ணீரால் நிரப்பினேன். மூடியை இறுக்கி, வெளிப்பக்கத்தைத் துடைத்து, கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதில் “ஸதகாக் குழாய்” என்று எழுதி ஒட்டினார். கோப்பையில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இது பதில். இனாஸ் மேல் பிழை இல்லை. ஹமீது ஹாஜியாரின் மகன் கொடுத்த போத்தலைச் சந்தேகிக்க அவருக்குக் காரணமில்லை.

அப்போது நான் நினைத்தது இவ்வளவுதான். முடிவு வர இரண்டு கிழமை ஆகும், அதற்குள் பைப்பை மாற்றிவிடலாம். குழாயின் பெயரும் கெடாது, தண்ணீரும் சரியாகிவிடும். அந்த இரண்டு கிழமையும் றிஷ்னா கடையில் தண்ணீர் வாங்கிப் பால் கரைத்தாள். பிள்ளை நன்றாக இருந்தது. அவசரம் தெரியவில்லை. பைப்பை மாற்ற ஒரு மூட்டு வேண்டியிருந்தது. அந்த அளவு மூட்டு கற்பிட்டியில் இல்லை. புத்தளத்தில் இருக்கும். போகவில்லை.

முடிவு வந்தது. ஸியாத்தின் கிணற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேல். என் குழாயில் மிகக் குறைவு. இனாஸ் நேரே றிஷ்னாவின் வீட்டுக்குப் போய், இனிப் பிள்ளைக்கு அன்ஸார் நானாவின் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறெதையும் கொடுக்க வேண்டாம், பால் போத்தல் கழுவுவதற்கும் அதையே எடுங்கள் என்று சொன்னார். பிள்ளைக்கு முதல் தடவை வருத்தம் வந்தது போத்தல் கழுவிய கிணற்றுத் தண்ணீரால் என்று முடிவு செய்தார்கள். பள்ளி நிர்வாக சபை அந்தத் தாளைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியது. ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவுக்காகக் கூட்டு துஆக் கேட்டார்கள். நோன்பு தொடங்கியதும் கஞ்சிக்கு அந்தக் குழாயில்தான் தண்ணீர் எடுத்தார்கள். இப்படி இருக்கையில் ஒருநாள் திடீரென்று தாங்கியைக் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள்.

றிஷ்னா கவனமான தாய். ஒருநாள் ஸும்ராவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஊற்றிய தண்ணீர் பாதியாகும் வரை கொதிக்க வைத்துத்தான் பால் கரைக்கிறாளாம். கொதித்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் பாதியானால் அது இரட்டிப்பாகும். ஸும்ராவுக்கு அது தெரியாது. அவளும் நல்ல வேலை என்று பாராட்டினாள். நான் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் கதைக்கும்போது நடுவில் புகுவது எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

நோன்பு பன்னிரண்டு, காலை ஒன்பது மணிக்கு ஸியாத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். வேன் வேண்டும் என்றான். நானே ஓட்டினேன். றிஷ்னா பின்னால் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பிள்ளை அழவில்லை. கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன். நிறம் ஈயப் பாத்திரத்தின் நிறம். நான் வேகமாகத்தான் ஓட்டினேன். நுரைச்சோலையில் ஒரு லொறி வழி விடவில்லை. அதில் மூன்று நிமிடம் போனது. அதற்கு மேல் பாதையில் எந்தத் தாமதமும் இல்லை.

அன்று கடமையில் இருந்தவர் வேறு வைத்தியர். அவசரத்தில் பிள்ளையின் கிளினிக் கொப்பி வீட்டில் விடப்பட்டிருந்தது. அவர் சரியான கேள்விகளைத்தான் கேட்டார். பால் எந்தத் தண்ணீரில் கரைப்பது என்றும் கேட்டார். பி.எச்.ஐ. சோதித்து நல்லது என்று சொன்ன தண்ணீர் என்றாள் றிஷ்னா. அவர் தலையாட்டிவிட்டு நெஞ்சைப் பார்க்கத் தொடங்கினார். இதயமாக இருக்கலாம் என்று வேறொரு வைத்தியருக்குச் சொல்லி அனுப்பினார். முதல் தடவை ஏற்றிய நீல மருந்தின் பெயரை அவர் ஸியாத்திடம் கேட்டார். ஸியாத்துக்கு வரவில்லை. நீலம், டொக்டர், நீலம் என்று மட்டும் சொன்னான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் கதவருகே நின்றேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் நல்லது என்று எழுத்தில் வந்திருக்கிறது. அப்படியிருக்க, தண்ணீரால் வரும் வருத்தத்தின் மருந்தை நான் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வைத்தியர்கள் இருக்கும் இடத்தில் வைத்தியம் சொல்வது என் வேலையும் அல்ல. நாற்பது நிமிடம் கழித்து இரத்தம் எடுத்தபோது அதன் நிறத்தைக் கண்டு அவர்களே புரிந்துகொண்டார்கள். மருந்தைக் கொண்டு ஓடினார்கள். அதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஜனாஸாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நான் பார்த்தேன். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். குழாயில் எடுத்தார்கள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். குழாயில் மீண்டும் தண்ணீர் எடுக்கச் சொன்னீர்கள். இந்தத் தடவை எடுத்தவர் நோன்பாளி, கோப்பி குடிக்கவில்லை. முடிவு வந்த நாள் ஸும்ரா அந்தத் தாளை வாசித்தாள். குசினிக்குப் பின்னால் போய்ச் சுவரில் உள்ள பைப்புகளைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்தாள். முதலாவது எங்கே போகிறது, இரண்டாவது எங்கே போகிறது என்று. மதில் வரை போனாள். தாங்கியைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து உடுப்பை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் றிஷ்னாவின் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து மதுரங்குளிக்கு, அவளுடைய தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் தண்ணீரில் எதையும் போடவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். நஞ்சு கலந்தவன் என்று ஊரில் கதைக்கிறார்கள். அது பிழை. நான் எனக்கு வேண்டியதை எடுத்தேன், அவ்வளவுதான். குழாய்க்குப் போனதில் இருந்ததெல்லாம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. போத்தலை மாற்றினேன். பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்து வைக்கிறேன். ஆனால் எனக்கு அந்தப் பிள்ளையோடு ஒரு கோபமும் இல்லை. அதன் தகப்பனோடும் இல்லை.

இன்னும் ஒன்று. நேற்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு றிஷ்னா வந்தாள். ஸியாத் வரவில்லை, வந்தால் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். வாசலால் வரவில்லை, குசினிக் கதவால் வந்தாள். அந்தப் பக்கம் அவள் முன்பு வந்ததில்லை. கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. இயந்திரத்தைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் உள்ள சிறிய குழாயைப் பார்த்தாள். இதுதானா என்று கேட்டாள். ஓம் என்றேன். திறந்து பார்க்கலாமா என்றாள். பார்க்கச் சொன்னேன். திறந்தாள். உள்ளங்கையில் பிடித்து ஒரு மிடறு குடித்தாள். குழாயைச் சரியாகப் பூட்டினாள், சொட்டு விழாமல்.

கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, அயல் வீட்டுக்காரி கேட்பது போலவே கேட்டாள்.

“புள்ளைக்கு ஒரு நாளைக்கு முக்கா லீட்டர்தான் தேவைப்பட்டது, நானா. இந்தக் கதவால வந்து கேட்டிருந்தா, தந்திருப்பீங்கதானே?”